இருபதுக்குள் நிற்கும் ரத்தம்

வாத்துப் பட்டியின் கம்பி கிழித்த கட்டைவிரலை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பூயெல் எண்ண ஆரம்பித்தாள். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. வழக்கமாக இந்த இடத்தில் விரலை ஏப்ரனில் துடைத்துவிட்டு விட்ட வேலையைத் தொடர்வாள். அன்றைக்கு இருபது போய் நாற்பது வந்தது, நாற்பது போய் நூறு வந்தது. ரத்தம் மணிக்கட்டைத் தாண்டி முழங்கையிலிருந்து சொட்டியது. வலியைவிட வெட்கம்தான் அவளுக்கு அதிகம். அறுபத்து நான்கு வயதில் சொந்த ரத்தமே சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்றால் யாருக்குத்தான் வெட்கமாக இருக்காது?

கொட்டகையிலிருந்து கணவன் அசார் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் உள்ளே ஓடி, தான் முகம் மழித்த பிறகு தேய்த்துக்கொள்ளும் படிகாரக் கட்டியோடு திரும்பி வந்தான்.

"படிகாரமா? எனக்கா? கொண்டுபோய் உன் மூஞ்சியில தேய்ச்சுக்கோ!"

"நாப்பத்தி நாலு வருஷமா என்னைச் சல்லடை சல்லடைன்னு சொன்னியே. இப்ப யாரு சல்லடை?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியதும் சிரிப்பை விட்டுவிட்டு கார் சாவியைத் தேடப் போனான்.

அவர்கள் வாழ்ந்த ஸ்கோனெ சமவெளியில் பூயெலின் பிறந்த வீட்டாருக்கு நிலம் பெரிதாகக் கிடையாது, அழகும் அப்படி ஒன்றும் கொட்டிக் கிடக்கவில்லை. அவர்களுக்கு இருந்த ஒரே பெருமை ரத்தம். காயம் பட்டால் இருபது எண்ணுவதற்குள் நின்றுவிடும். எண்ணியவர்கள் எவ்வளவு நிதானமாக எண்ணினார்கள் என்று கேட்கக் கூடாது. அது அவர்கள் குடும்ப மானம். யாராவது விரலை வெட்டிக்கொண்டால் மருந்து தேடுவதற்கு முன்னால் வீடே கூடி எண்ணும். பூயெல் பிரசவத்துக்குப் போனபோதுகூட மருத்துவச்சி, "உன்னை மாதிரி நாலு பேரு வந்தா எனக்குத் துணி துவைக்கிற வேலையே இருக்காது" என்றாளாம்.

அப்படிப்பட்டவள் போயும் போயும் அசாரைக் கட்டிக்கொண்டாள். பல் பிடுங்கினால் மூன்று நாள் ரத்தம் கசிகிற ஆள். ஆறின காயம் மறுநாள் மறுபடி திறந்துகொள்ளும். டாக்டர்கள் அதற்கு லேசான ரத்த ஒழுக்கு நோய் என்று பெயர் சொன்னார்கள். பூயெலின் தாய் அத்தனை நீளமாகப் பேசமாட்டாள், சல்லடை என்று முடித்துவிட்டாள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாவம், அசார் அதையும் சிரித்தபடியே ஏற்றுக்கொண்டான்.

இருவருக்கும் ஒரு மகள், தூரா. குழந்தையாக இருந்தபோது முழங்கால் சிராய்த்துக்கொண்டு வந்தால் அவளைச் சுற்றியும் வீடு கூடி எண்ணியது. அறுபது, எழுபது. எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான். "நம்ம ரத்தத்துல தண்ணி கலந்துடுச்சு" என்று பூயெலின் தாய் உதட்டைப் பிதுக்கிவிட்டு எழுந்து போவாள். ஏழு வயதுக்குப் பிறகு தூரா காயம் பட்டால் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

அந்த ஊரில் நவம்பர் பத்தாம் தேதி மாலை வாத்து விருந்து. வாத்துக் கறிக்கு முன்னால் வாத்து ரத்தத்தில் செய்த கருப்புச் சூப் பரிமாறியாக வேண்டும். கிராம்பு, பட்டை, ஆப்பிள், உலர்ந்த பிளம்ஸ், ஒரு கரண்டி பிராந்தி, எல்லாம் அதில் போகும். பூயெலின் சூப்புக்காகவே எட்டு வீட்டார் வருவார்கள். அறுக்கும்போது ரத்தம் பிடிக்கிற கையும் அவளுடையதுதான். அடியில் வினிகர் ஊற்றிய பாத்திரத்தில் ரத்தம் விழ விழ, மெல்லிய குச்சிகளைக் கட்டிச் செய்த மத்தால் கடைந்துகொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் கட்டிதட்டிவிடும்.

சூப்பை இறக்கியதும் ஒரு சடங்கு உண்டு. பக்கத்துப் பண்ணை சிக்னெ ஒரு சின்னக் கிளாஸ் நிறையச் சாராயம் ஊற்றிச் சமைத்தவள் கையில் கொடுப்பாள். அதற்குச் சமையல்காரி கிளாஸ் என்று பெயர். ஒரே மூச்சில் குடித்துக் கிளாஸைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். மறுத்தால் ஊற்றிய கைக்கு அவமானம். பூயெலுக்கோ சாராயம் தொண்டையில் இறங்காது. கல்யாணம் ஆன முதல் வருஷம் மூக்கில் ஏறி, சாகப் பார்த்தாள். மறு வருஷத்திலிருந்து அசாரும் அவளும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். கிளாஸை வாங்கிக்கொண்டு, "சூப்பைப் பார்த்துட்டு வர்றேன்" என்று உள்ளே போவாள். அதை அசார் குடிப்பான். அதே கிளாஸில் தண்ணீரை நிரப்பிக்கொண்டு வந்து, எல்லோர் முன்னாலும் மடக்கென்று குடித்துக் கவிழ்த்துக் காட்டுவாள். ஊர் கை தட்டும். இப்படியே நாற்பத்து மூன்று விருந்துகள் ஓடின.

பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள். சாராயக் கிளாஸில் தண்ணீர் குடித்தவளை என்ன சொல்வார்கள் என்று அவள் யோசித்திருக்க வேண்டாமா?

கட்டைவிரல் கிழிந்த அந்த வருஷம், 2014 வசந்தத்தில், ஊர் மருத்துவ நிலையத்தில் பூயெலின் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, கல்லீரல் கெட்டிருக்கிறது என்றார்கள். வாரத்துக்கு எத்தனை கிளாஸ் என்று மூன்று தடவை கேட்டார்கள். பூஜ்யம் என்று மூன்று தடவை சொன்னாள். எழுதிக்கொண்டவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நடுக்கோடை விருந்துக்கு மால்மோ நகரத்திலிருந்து தூரா வந்தபோது, அம்மா பட்டப்பகலில் தூங்கி வழிந்தாள், உப்புக்குப் பதிலாகச் சர்க்கரையைப் போட்டாள், வாசல்படியில் தடுமாறி விழுந்தாள். அலமாரியில் சூப்புக்கு வைத்திருந்த பிராந்தி பாட்டில் பாதி காலி. தூரா போய்ச் சிக்னெயிடம் கேட்டாள்.

"உங்கம்மாவா? ஒரு சொட்டு மிச்சம் வைக்கமாட்டாளே!" என்றாள் சிக்னெ பெருமையாக. "என்னமா குடிப்பா தெரியுமா, ஆம்பளைங்ககூட அப்படிக் குடிக்கமாட்டாங்க."

அத்தோடு முடிந்தது. அந்தக் கிளாஸையெல்லாம் குடித்தது நான்தான் என்று அப்பா சொன்னதைத் தூரா காதில் வாங்கவில்லை. குடிகாரியின் கணவன் வேறு என்ன சொல்வான்? "உண்மையைச் சொல்ற அன்னிக்குக் கூப்பிடும்மா. அதுவரைக்கும் நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நிற்காத கட்டைவிரல்தான் அவர்களைப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அங்கே ஈரல் பிரிவில் டாக்டர் ஹெட்விக் என்று ஒருத்தி. கையில் எப்போதும் ஆறிப்போன காபி. எத்தனை கிளாஸ் என்று அவளும் கேட்டாள், பூஜ்யம் என்றதைக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஆனால் அடுத்த கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"எப்பவாவது உங்களுக்கு ரத்தம் ஏத்தியிருக்காங்களா?"

"எழுபத்தாறுல ஒரு விபத்து," என்றாள் பூயெல். "அக்டோபர் மாசம். பீட்ரூட் லாரிங்க ரோடெல்லாம் களிமண்ணை அப்பிட்டுப் போயிருந்துச்சு. எங்க கார் வழுக்கி மரத்துல மோதிடுச்சு. எனக்கு ரெண்டு பை ரத்தம். இவருக்கு ஏழு பை."

"சல்லடையாச்சே," என்றான் அசார்.

ஹெட்விக் காபியைக் கீழே வைத்தாள். "அப்ப ரெண்டு பேரோட ரத்தமும் எனக்கு வேணும்."

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். இருவர் உடம்பிலும் ஈரலைத் தின்னும் ஒரே வகைக் கிருமி. அந்த நாளில் அதற்குப் பெயரும் கிடையாது, கண்டுபிடிக்கச் சோதனையும் கிடையாது. முகம் தெரியாத யாரோ நல்ல மனதோடு கொடுத்த ரத்தத்தில் வந்து, முப்பத்தெட்டு வருஷம் சத்தமில்லாமல் குடியிருந்திருக்கிறது. அந்த ரத்தம் இல்லையென்றால் அன்றைக்கே இருவரும் போயிருப்பார்கள். அதனால் யார்மேல் கோபப்படுவது என்று பூயெலுக்குத் தெரியவில்லை.

பிறகு இருவரையும் படுக்கவைத்து, விலாவில் ஒரு சின்னக் கருவியை வைத்துத் தட்டினார்கள். ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அது எண்ணில் சொல்லும். அசாருக்கு ஐந்து. பூயெலுக்கு இருபத்தொன்று.

"ஐந்துன்னா?" என்றான் அசார்.

"ஐந்துன்னா நல்ல ஈரல். இருபத்தொண்ணுன்னா முழுக்கத் தழும்பு." ஹெட்விக் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லுங்க. உங்கள்ல யாரு குடிப்பீங்க?"

"நான்தான்," என்றான் அசார். "என் பங்கையும் குடிச்சேன், இவ பங்கையும் குடிச்சேன்."

ஹெட்விக் சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுத்தாள். அடுத்த தடவை போனபோது நாற்காலியை இழுத்துப்போட்டு அவர்களுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.

"ரத்தம் உறையுறதுக்கு ஒரு பிரேக் இருக்கு. போதும், நிறுத்துன்னு சொல்ற பிரேக். பூயெல், உங்களுக்கு அது சரியா பிடிக்காது. இந்தச் சமவெளியில பத்துப் பேர்ல ஒருத்தருக்கு இப்படி உண்டு. உங்களுக்கு அம்மாகிட்டயிருந்து ஒரு பழுது, அப்பாகிட்டயிருந்து ஒரு பழுது. டபுள்."

"அதான் எங்க குடும்ப ரத்தம்," என்றாள் பூயெல். அந்த நிலைமையிலும் குரலில் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது.

"அதேதான். கிருமி ஈரல்ல குட்டிக் குட்டிக் காயம் பண்ணிக்கிட்டே இருக்கும். காயம் பட்ட இடத்துல ரத்தம் உறையும். உறைஞ்ச இடத்துல தழும்பு நெய்யுற செல்லெல்லாம் முழிச்சுக்கும். உங்க ரத்தம் சட்டுனு உறையுது, தழும்பும் சட்டுசட்டுனு விழுது. இவரோடது உறையலாமா வேண்டாமான்னு யோசிக்குது. அதனால தழும்பும் யோசிச்சுக்கிட்டே நின்னுடுச்சு."

"நிஜமாவா?"

"சத்தியம் பண்ணமாட்டேன். ஆராய்ச்சியில அப்படித்தான் தெரியுது, எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கிறதும் இல்ல. ஆனா ஒரே கிருமி, ஒரே வருஷம், ஒரே வீட்டுச் சாப்பாடு, நேர் எதிரான ரெண்டு ரத்தம். நான் இப்படிப் பார்த்ததே இல்ல."

"அப்புறம் ஏன் என் விரல்ல நிக்கல?"

"ரத்தத்தை உறையவைக்கிற சரக்கைச் செய்யுறதே ஈரல்தான். ஈரல் தழும்பாயிட்டா சரக்கு குறைஞ்சுபோகும். பகல்ல தூக்கம், தடுமாற்றம், எல்லாம் இதனாலதான். ஈரல் வெளியேத்த வேண்டிய கழிவு தலைக்கு ஏறுது. குடி இல்ல."

பூயெல் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ரத்தத்தைக் கடையும்போது மத்தில் வெள்ளை வெள்ளையாக நார் சுற்றிக்கொள்ளும். அந்த நாரை எடுத்துவிட்டால் மிச்ச ரத்தம் உறையவே உறையாது. நாற்பது வருஷமாக வழித்து வழித்துப் பூனைக்குப் போட்டிருக்கிறாள். அதே நார்தான் அவள் விரலை இருபதுக்குள் மூடியது, பிரசவத்தில் அவளைக் காப்பாற்றியது, உள்ளே ஈரலையும் இழை இழையாகக் கட்டிப்போட்டது. கடைசியில் தன்னையே தீர்த்துக்கொண்டு கட்டைவிரலில் ஒழுகியது. எது வரம், எது சாபம்? அவளுக்கு அழுகை வரவில்லை. தேவாலயத்தில் தலைக்கு மேலே உயர்ந்து போகும் கூரையை அண்ணாந்து பார்க்கும்போது வருமே ஒரு மலைப்பு, அதுதான் வந்தது. இத்தனையும் இந்தத் தோலுக்குள்ளேயா நடந்தது!

"புது மாத்திரை வந்திருக்கு. பன்னிரண்டு வாரத்துல கிருமி போயிடும்," என்றாள் ஹெட்விக். "ஆனா இப்போதைக்குத் தழும்பு அதிகமா இருக்கிறவங்களுக்குத்தான் தர்றாங்க. அசார், நீங்க காத்திருக்கணும்."

"பாருய்யா! ரொம்ப நல்லா இருக்கேன்னு என்னை விரட்டுறது வாழ்க்கையிலயே இதான் முதல் தடவை."

"இன்னொண்ணு. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?"

ஒரே மகள், நவம்பர் இருபதாம் தேதி நியூசிலாந்துக்கு விமானம் ஏறுகிறாள் என்றதும் ஹெட்விக்கின் முகம் மாறியது.

"உங்ககிட்டயிருந்து ஒரு பிரேக் பழுது அவளுக்குக் கட்டாயம் போயிருக்கும். அப்பாவோடதும் மகளுக்குக் கட்டாயம் போகும். எது ஓங்கியிருக்குன்னு சோதிச்சாத்தான் தெரியும். அம்மா பக்கம்னா, முப்பது மணி நேரம் உட்கார்ந்தே போறதுல கால்ல ரத்தம் கட்டலாம். அப்பா பக்கம்னா, ரத்தம் கட்டாம இருக்கப் போடுற ஊசியே ஆபத்து. பயப்பட வேண்டாம், ஆனா தெரிஞ்சுக்காம ஏறக்கூடாது. கூட்டிட்டு வாங்க."

கூட்டிக்கொண்டு வருவதாம்! பூயெல் பதினொரு தடவை போன் செய்தாள். தூரா எடுக்கவில்லை. அசார் எல்லாவற்றையும் எழுதி அனுப்பினான். பதிலுக்கு ஒரே வரி வந்தது: "அம்மாவுக்காகப் பொய் சொல்றதை நிறுத்துங்கப்பா."

அன்றைக்குப் பூயெல் மகளை நினைத்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்ததும் ஒன்று தெளிவாகியது. இந்த விஷயத்தில் தூரா நம்பும் சாட்சி உலகத்திலேயே ஒருத்திதான். நவம்பர் ஏழாம் தேதி கோட்டை மாட்டிக்கொண்டு சிக்னெ வீட்டுக்குப் போய், அடுப்படியில் நின்றபடியே சொன்னாள்.

"சிக்னெ, நீ ஊத்திக் கொடுத்ததை நான் குடிச்சதே இல்ல. முதல் வருஷம் மட்டும்தான். மிச்சமெல்லாம் தண்ணி."

சிக்னெ உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது. "தண்ணியா?"

"தண்ணி. சாராயத்தை அசார் குடிச்சான்."

"நாப்பத்தி மூணு வருஷம்! என் கையால ஊத்தினதை! நான் கை வேற தட்டியிருக்கேன்!" சிக்னெயின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. "மூஞ்சியில துப்பியிருந்தாக்கூடப் பரவாயில்ல. போ, வெளியே போ."

பூயெல் திரும்பி வந்தாள். மகள் போனது போதாதென்று பக்கத்து வீடும் போயிற்று.

நவம்பர் பத்தாம் தேதி மாலை. மாத்திரை அடுத்த வாரம் தொடங்கும் என்று கடிதம் வந்திருந்தது. கூப்பிட்ட எட்டு வீட்டாருக்கும் வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. ஆனாலும் ஒரு வாத்து அடுப்பில் இருந்தது, சூப்புப் பாத்திரம் மேடைமேல் இருந்தது. கை சும்மா இருக்காதே. வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. முதலில் சிக்னெ உள்ளே வந்தாள், முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் தூரா.

பூயெலின் கையிலிருந்த கரண்டி சூப்புக்குள் விழுந்தது.

"சிக்னெம்மா இன்னிக்குக் காலையில என் வீட்டுக்கு வந்து கதவை உடைக்காத குறையா தட்டினாங்கம்மா," என்றாள் தூரா. "உன்மேல புகார் சொல்ல. 'உங்கம்மா ஏமாத்துக்காரி, ஒரு சொட்டுக்கூடக் குடிச்சதில்ல, நாப்பத்தி மூணு வருஷமா என்னை முட்டாளாக்கியிருக்கா'ன்னு ஒரு மணி நேரம் திட்டினாங்க. திட்டத் திட்டத்தான் எனக்கு..." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்மா, நான் உன்னை என்னவெல்லாம் சொல்லிட்டேன்."

"சொன்னா என்ன. நான் நடிச்சது அப்படி," என்றாள் பூயெல். பிறகு மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

சிக்னெ யாரையும் பார்க்காமல் அலமாரியைத் திறந்து சின்னக் கிளாஸை எடுத்தாள். குழாயடிக்குப் போய் விளிம்பு வரை தண்ணீர் பிடித்து, பூயெலின் முன்னால் டக்கென்று வைத்தாள். "இந்தா. இனிமே என் கையாலயே ஊத்தறேன், எவன்கிட்டயும் போகவேண்டாம்." பூயெல் குடித்துக் கவிழ்த்துக் காட்டினாள். சிக்னெ கை தட்டவில்லை. ஆனால் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

சூப்புக்கு ஆப்பிள் நறுக்கத் தூரா கத்தியை எடுத்தாள். கண்ணில் நீர் இருந்தால் கத்தி எங்கே தெரியும்? ஆள்காட்டி விரலில் நீளமாக ஒரு வெட்டு. நாற்பத்தொரு வயதுக்காரி, சட்டென்று ஏழு வயதுப் பிள்ளைபோல் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"காட்டு," என்றாள் பூயெல்.

"எண்ணாதேம்மா. ப்ளீஸ்."

"காட்டுடி."

விரலை விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு பூயெல் எண்ணினாள். சின்ன வெட்டு எதையும் நிரூபிக்காது, சோதனைதான் சொல்லும் என்று ஹெட்விக் எச்சரித்திருந்தாள். தெரிந்தும் எண்ணினாள். இருபது வந்தது, ரத்தம் நிற்கவில்லை. அசார் பக்கத்தில் வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்பது. ஐம்பது. சொட்டு பெரிதாகி, விழலாமா என்று தயங்கி, விழாமல் நின்றது. எழுபதில் ஓரம் கருத்தது. எழுபத்திரண்டில் நின்றுவிட்டது. துடைத்துப் பார்த்தார்கள். திரும்ப வரவில்லை.

"எழுபத்திரண்டு," என்றாள் தூரா கசப்பாக. "எல்லாரையும் போலத்தான். தண்ணி கலந்த ரத்தம்."

பூயெல் அந்த விரலையே பார்த்தாள். ஒரு பக்கம் நிற்காமல் ஓடுகிற ரத்தம், மறுபக்கம் கல்லாய் உறைகிற ரத்தம். இரண்டும் இந்த ஒரு விரலுக்குள் சந்தித்து, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, உலகத்தில் உள்ள சாதாரண மனுஷிகளுக்கு நிற்பதுபோல் நின்றிருக்கிறது. நாற்பது வருஷமாக இதையா குறை என்று உதட்டைப் பிதுக்கினோம்? அவள் மகளின் விரலைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"தண்ணி இல்லடி. உங்கப்பா," என்றாள்.

அசார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பாக்கெட்டில் படிகாரக் கட்டியைத் தேடினான்.

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி. நீ ரத்தம் குடுக்கணும்," என்றாள் பூயெல்.

"வர்றேம்மா," என்றாள் தூரா. விரலை அவள் ஒளித்துக்கொள்ளவில்லை.